விறகின் உள்ளே எவ்வளவு ஈரம்? ஸ்மோக்கர் வைத்திருப்பவர்களுக்கு ஓர் எளிய விளக்கம்

இறைச்சியைப் புகையில் மெதுவாக வேகவைக்கும் பார்பிக்யூ ஸ்மோக்கரைப் புதிதாக வாங்கியவர்கள் முதலில் கேட்பது, எந்த மரத்து விறகு நல்லது என்பதுதான். ஓக்கா, ஹிக்கரியா, ஆப்பிளா, செர்ரியா என்று நாள்கணக்கில் விசாரிப்பவர்கள், வந்து இறங்கும் விறகு காய்ந்ததா இல்லையா என்பதை மட்டும் விற்பவரின் வாய்ச்சொல்லுக்கு விட்டுவிடுகிறார்கள். இது தலைகீழான வரிசை என்பது என் கருத்து. மரத்துக்கு மரம் புகையின் மணம் மாறுவது உண்மைதான். ஆனால் அந்த வேறுபாட்டை நாக்கு உணர வேண்டுமானால் முதலில் நெருப்பு சுத்தமாக எரிய வேண்டும், நெருப்பு சுத்தமாக எரிவதோ விறகுக்குள் எஞ்சியிருக்கும் தண்ணீரைப் பொறுத்தது. ஈரமான ஹிக்கரியும் ஈரமான ஓக்கும் இறைச்சியின் மேல் ஏறத்தாழ ஒரே கசப்பைத்தான் படிய வைக்கும்.

இங்கே சொல்லப்படுபவை பெரும்பாலும் ஆஃப்செட் ஸ்மோக்கருக்குப் பொருந்துபவை. அதன் பக்கவாட்டில் உள்ள எரியறையில் பிளந்த விறகு எரியும். அதன் வெப்பமும் புகையும் பெரிய அறைக்குள் நுழைந்து, இறைச்சியைத் தழுவிக்கொண்டு, மறுமுனையில் இருக்கும் புகைபோக்கி வழியாக வெளியேறும். வெப்பத்துக்கும் மணத்துக்கும் விறகு ஒன்றே ஆதாரம் என்பதால், விறகில் உள்ள குறை எதையும் அங்கே மறைக்க வழியில்லை. கரியில் இயங்கும் ஸ்மோக்கரில் வெப்பம் கரியிலிருந்து வருகிறது. மணத்துக்காக இரண்டு மூன்று மரத்துண்டுகளை மட்டும் சேர்ப்பதால் சிறிய பிழைகள் பெரிதாகத் தெரிவதில்லை. பெல்லட் ஸ்மோக்கர் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கவலையே கிடையாது. பெல்லட்டுகள் என்னும் மரத்தூள் குச்சிகள் பொதுவாக 10 சதவீதத்துக்கும் குறைவான ஈரத்துடன் ஆலையிலேயே அழுத்தித் தயாரிக்கப்படுகின்றன. அவை நனையாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

மரத்துக்குள் இரண்டு வகைத் தண்ணீர்

மரம் என்பது நெடுக்காக அடுக்கப்பட்ட நுண்குழாய்களின் கட்டு என்று வைத்துக்கொள்ளலாம். அந்தக் குழாய்களின் உட்குழிவில் தேங்கி நிற்கும் தண்ணீர் ஒரு வகை. குழாய்களின் சுவருக்குள்ளேயே ஊறிப் பிணைந்திருக்கும் தண்ணீர் இன்னொரு வகை. மரத்தை வெட்டியதும் முதல் வகைத் தண்ணீர் எளிதாக வெளியேறத் தொடங்கும். அது முழுவதும் போன பிறகும் சுவர்கள் ஊறியே இருக்கும். அந்தக் கட்டத்தில் மரத்தின் ஈரம் ஏறத்தாழ 28 முதல் 30 சதவீதம். அதற்குக் கீழே இறங்கும்போதுதான் மரம் சுருங்குகிறது, வெடிப்பு விடுகிறது; அங்கிருந்து காய்வதும் மந்தமாகிறது. விறகு விஷயத்தில் ஏமாற்றங்கள் பெரும்பாலும் இந்த இரண்டாவது கட்டத்தைச் சுற்றியே நடக்கின்றன.

இந்தச் சதவீதம் எதன் சதவீதம் என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது. 250 கிராம் எடையுள்ள ஒரு துண்டு, முற்றிலும் உலர்ந்த பிறகு 200 கிராம் நிற்கிறது என்றால், போன தண்ணீர் 50 கிராம். உலர்ந்த எடையோடு ஒப்பிட்டால் அது 25 சதவீத ஈரம். மொத்த எடையோடு ஒப்பிட்டால் அதே துண்டுக்கு 20 சதவீதம். கடையில் கிடைக்கும் ஈரம் காட்டும் மீட்டர்கள் பொதுவாக முதல் கணக்கைப் பின்பற்றுகின்றன, இந்தக் கட்டுரையும் அப்படியே. இந்தக் கணக்கில் புதிதாக வெட்டிய மரம் 50 முதல் 100 சதவீதம் வரை, சில மரங்களில் அதற்கும் மேலே காட்டும். 100 சதவீதத்தைத் தாண்டுவது எப்படி என்று குழம்ப வேண்டாம். உலர்ந்த மரத்தைவிட அதற்குள் இருக்கும் தண்ணீர் எடை அதிகம் என்பதே அதன் பொருள். ஸ்மோக்கருக்கு வேண்டியது 15 முதல் 20 சதவீதம்.

ஏன் அந்த எல்லை? கையில் ஒன்றரைக் கிலோ எடையுள்ள ஒரு விறகுக்கட்டை இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அதன் ஈரம் 50 சதவீதம் என்றால் உள்ளே இருப்பது ஒரு கிலோ மரமும் அரை லிட்டர் தண்ணீரும். அந்தக் கட்டையை நெருப்பில் வைப்பது, எரிகிற நெருப்பின் மேல் அரை லிட்டர் தண்ணீரை நிதானமாக ஊற்றிக்கொண்டிருப்பதற்குச் சமம். 20 டிகிரி செல்சியஸில் இருக்கும் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர ஒரு பங்கு வெப்பம் செலவாகிறது என்றால், கொதிக்கும் அதே தண்ணீரை முழுவதும் ஆவியாக்க மேலும் ஏறத்தாழ ஏழு பங்கு வெப்பம் வேண்டும். அவ்வளவும் நெருப்பின் கைக்காசிலிருந்துதான் போக வேண்டும். தண்ணீர் ஆவியாகும் வரை மரத்தின் அந்தப் பகுதி 100 டிகிரியை ஒட்டியே நிற்கும்; பக்கத்தில் உள்ள சுவாலையும் குளிர்ந்துவிடும்.

வெப்பம் வீணாவதைவிடப் பெரிய சங்கடம் ஒன்று உண்டு. மரம் நேரடியாக எரிவதில்லை; சூடேறும்போது அது சிதைந்து வாயுக்களை வெளிவிடுகிறது, நாம் காணும் சுவாலை அந்த வாயுக்கள் எரிவதுதான். அவை முழுமையாக எரிய ஏறத்தாழ 600 டிகிரி வெப்பமும் போதிய காற்றும் தேவை. நெருப்பு குளிர்ந்திருந்தால் அவை பாதி எரிந்தும் எரியாமலும், தாராகவும் நுண்துளியாகவும் மாறி வெண்மையான அடர்புகையாகக் கிளம்பும். இறைச்சியின் மேற்பரப்பு நெருப்பைவிடப் பல மடங்கு குளிர்ச்சியானது, ஈரமானது. அந்தத் துளிகள் அங்கே போய் ஒட்டிக்கொள்ளும். சாப்பிடும்போது நாக்கின் ஓரம் மரத்துப்போவது போன்ற கசப்பு வருவது அதனால்தான்.

நன்றாகக் காய்ந்த விறகில் எரியும் நெருப்பின் புகையோ கண்ணுக்கு அரிதாகவே தெரியும். வெயிலை எதிரே வைத்துப் பார்த்தால் புகைபோக்கியின் வாயில் மெல்லிய நீலம் ஓடும். வானம் நீலமாகத் தெரிவதற்கும் இதற்கும் காரணம் ஒன்றே: புகைத்துகள்கள் ஒளியின் அலைநீளத்தைவிடச் சிறியவையாக இருக்கும்போது நீல ஒளியையே அதிகமாகச் சிதறடிக்கின்றன. துகள்கள் பெருத்தால் எல்லா நிறமும் சிதறி வெள்ளையாகிவிடும். மரத்தில் உள்ள லிக்னின் என்ற பொருள் சிதையும்போது உண்டாகும் குவாயகால், சிரிங்கால் முதலிய சேர்மங்கள்தான் புகைச்சுவைக்கும் புகைமணத்துக்கும் மூலம். அவை இந்த நீலப் புகையில் தாராளமாகவே இருக்கின்றன. புகை கண்ணுக்கு நிறையத் தெரிந்தால்தான் சுவை ஏறும் என்று எண்ணுவது, தொடங்கும் எல்லோரும் ஒருமுறை செய்யும் தவறு. மரச்சில்லுகளைத் தண்ணீரில் ஊறவைத்துப் போடும் பழக்கமும் அதே எண்ணத்தில் பிறந்தது. ஊறிய சில்லு முதலில் நீராவியைத்தான் விடும். மேலோட்டமாக ஏறிய அந்தத் தண்ணீர் வற்றிய பிறகே புகையத் தொடங்கும்.

அப்படியானால் முற்றிலும் காய்ந்த விறகு இன்னும் சிறந்ததா என்றால், இல்லை. 10 சதவீதத்துக்கும் கீழே இறங்கிய கட்டை போட்ட மாத்திரத்தில் பற்றிக்கொண்டு, கொழுந்துவிட்டு எரிந்து, சமைக்கும் அறையின் வெப்பத்தை வேண்டிய அளவைத் தாண்டி ஏற்றிவிடும். 105 முதல் 135 டிகிரி வரை வைத்துப் பல மணி நேரம் வேகவைக்க வேண்டிய இறைச்சிக்கு அது ஆகாது. உடனே பதறி, காற்று வரும் வழியை மூடுவோம். காற்றில்லாத நெருப்பு மூச்சுத் திணறி, ஈர விறகு தந்த அதே வெண்புகையைத் தரும். கொஞ்சம் ஈரம் இருந்தால்தான் கட்டை நிதானமாக எரிந்து, அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்கு ஒன்று என்ற கணக்கில் நெருப்பை ஓட்ட முடியும்.

வெளித்தோற்றம் சொல்வதும் சொல்லாததும்

ஒருமுறை நான் வாங்கிய விறகு, 'இரண்டு ஆண்டு காய்ந்தது' என்ற உறுதியோடு வந்தது. நுனிகள் சாம்பல் நிறத்தில் வெளிறி, சக்கரத்தின் ஆரங்களைப் போல நடுவிலிருந்து வெடிப்புகள் ஓடியிருந்தன. பட்டையும் தொட்டால் கழன்றது. பார்வைக்கு ஒரு குறையும் இல்லை. எரியறையில் போட்ட பத்தாவது நிமிடம் கட்டையின் நுனியில் நுரை கட்டிக்கொண்டு சுஸ்ஸென்று சத்தம் வந்தது. அன்றைய சமையலைக் கரியை வைத்து ஒப்பேற்றிவிட்டு, மறுநாள் மீதிக் கட்டைகளில் ஒன்றைக் கோடரியால் பிளந்து பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. வெளியே ஒரு விரல் தடிப்புக்கு மங்கலான நிறம். அதற்கு உள்ளே, அப்போதுதான் வெட்டியதைப் போன்ற பளிச்சென்ற நிறமும் பச்சை வாடையும். பிளந்த முகத்தை மணிக்கட்டின் உட்புறத்தில் வைத்தால் சில்லென்றிருந்தது. விற்றவர் சொன்னது பொய்யும் அல்ல. மரத்தை வெட்டி இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆனால் அந்த இரண்டு ஆண்டுகளும் அது பட்டையோடு முழு உருளையாகக் கிடந்து, விற்பதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் துண்டு போடப்பட்டிருக்கிறது.

மரத்தின் நுண்குழாய்கள் நெடுக்கே ஓடுவதால், தண்ணீர் குறுக்கே வெளியேறுவதைவிட நெடுக்கே 10 முதல் 15 மடங்கு வேகமாக வெளியேறும். நீளமான உருளையில் நடுப்பகுதித் தண்ணீருக்கு இரு முனைகளும் வெகு தொலைவு. பக்கவாட்டிலோ பட்டை வழிமறித்து நிற்கும். அதனால் காய்ந்த காலத்தை மரம் வெட்டிய நாளிலிருந்து எண்ணக் கூடாது, துண்டு போட்டுப் பிளந்த நாளிலிருந்து எண்ண வேண்டும். விற்பவரிடம் 'எத்தனை நாள் காய்ந்தது' என்று கேட்பதைவிட 'எப்போது பிளந்தீர்கள், எங்கே அடுக்கி வைத்திருந்தீர்கள்' என்று கேட்பது பயனுள்ளது. பிளந்து, காற்றோட்டமாக அடுக்கப்பட்ட விறகு மரத்தையும் வானிலையையும் பொறுத்து ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை எடுத்துக்கொள்ளும். ஓக் போன்ற அடர்த்தியான மரங்கள் அந்தக் கணக்கின் பிற்பகுதியில் நிற்பவை.

வெடிப்புகளை நம்பி வாங்குவதில் உள்ள ஆபத்தும் இதிலிருந்தே விளங்கும். வெளிப்பகுதி 28 சதவீதத்துக்குக் கீழே இறங்கிச் சுருங்கும்போது, உள்பகுதி இன்னும் ஊறி உப்பியிருப்பதால் சுருங்க மறுக்கிறது; அந்த இழுபறியில்தான் வெடிப்பு விழுகிறது. ஆகவே வெடிப்பு, மேற்பரப்பு காய்ந்ததற்குச் சாட்சி. உள்ளே காய்ந்ததற்கு அல்ல. நிறம் வெளிறுவதும் வெயில் பட்ட தோலின் கதைதான். பட்டை கழல்வது சற்று நம்பத்தக்கது என்றாலும் மரத்துக்கு மரம் மாறும்.

இரண்டு கட்டைகளை ஒன்றோடொன்று தட்டிப் பார்ப்பது இவற்றையெல்லாம்விட நல்ல சோதனை. காய்ந்தவை டங்கென்று ஒலிக்கும். ஈரமானவை தொப்பென்று சத்தத்தை விழுங்கிக்கொள்ளும். ஒரே மரத்தின், ஒரே அளவான துண்டுகள் பலவற்றைத் தூக்கிப் பார்த்துக் கனத்தை ஒப்பிடுவதும் உதவும். ஆனால் வேறுவேறு மரங்களை இப்படி ஒப்பிடக் கூடாது. நன்கு காய்ந்த ஹிக்கரி, ஈரமான மென்மரத்தைவிடக் கனமாக இருக்கலாம். கட்டையின் ஒரு நுனியில் சோப்புத் தண்ணீர் தடவி, மறுநுனியில் வாயை வைத்து ஊதி, குமிழி வந்தால் காய்ந்தது என்று முடிவுகட்டும் ஒரு வேடிக்கையான சோதனையும் உண்டு. சிவப்பு ஓக்கில் குழாய்கள் திறந்தே இருப்பதால் குமிழி எளிதாக வரும். வெள்ளை ஓக்கில் குழாய்களை மரமே அடைத்துவிடுவதால், எவ்வளவு காய்ந்தாலும் வராது. மதுப்பீப்பாய்கள் வெள்ளை ஓக்கில் செய்யப்படுவதும் இந்த அடைப்பை நம்பித்தான். இந்தச் சோதனையை நான் பொருட்படுத்துவதில்லை.

மீட்டரை எங்கே குத்துவது

இரண்டு ஊசிகள் கொண்ட ஈரம் காட்டும் மீட்டர் விலை உயர்ந்த பொருள் அல்ல. விறகு வாங்கப் போகும்போது சட்டைப்பையில் கொண்டுபோகலாம். ஈரமான மரத்தில் மின்சாரம் எளிதாகவும் காய்ந்த மரத்தில் சிரமப்பட்டும் பாயும் என்பதே அது வேலை செய்யும் விதம். கருவியில் பிழை வருவது அரிது. அதைக் குத்தும் இடத்தில்தான் பிழை வரும். கட்டையின் நுனியிலோ வெளிப்பக்கத்திலோ குத்தினால் எந்த விறகும் 15 சதவீதம் என்று சொல்லிவிடும். கட்டையை அப்போதே பிளந்து, புதிதாகத் திறந்த முகத்தின் நடுப்பகுதியில், இழை ஓடும் திசையிலேயே இரு ஊசிகளும் அமையும்படி நன்றாக அழுத்திக் குத்த வேண்டும். குவியலின் மேலிருந்து ஒன்று, நடுவிலிருந்து ஒன்று, அடியிலிருந்து ஒன்று என்று மூன்று கட்டைகளையாவது பிளக்கச் சொல்லிப் பாருங்கள். பிளந்து காட்டத் தயங்குபவரிடம் வாங்காமல் திரும்பிவிடுவதே மேல். மீட்டர் 30 சதவீதத்துக்கு மேல் காட்டும் எண்களைத் துல்லியமாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. அந்த விறகு பச்சை என்பது மட்டும் போதும்.

மீட்டர் இல்லாதவர்களுக்கு ஒரு தராசும் அடுப்பும் போதும். கட்டையின் நடுப்பகுதியிலிருந்து சிறு துண்டொன்றை நறுக்கி எடையைக் குறித்துக்கொண்டு, 103 டிகிரி அளவில் அவன் அடுப்பில் வைத்து, இடையிடையே எடுத்து நிறுத்துப் பார்க்க வேண்டும். எடை குறைவது நின்றுவிட்டால் தண்ணீர் தீர்ந்தது என்று பொருள். மேலே சொன்ன 250, 200 கணக்கைப் போட்டுப் பார்த்தால் விடை வந்துவிடும். நேரம் பிடிக்கும் வேலைதான் என்றாலும், மீட்டர் சரியாகக் காட்டுகிறதா என்று சரிபார்க்கவும் இந்த முறையே உரைகல்.

வாங்கும்போது எடைக்கு வாங்குவதா, அளவுக்கு வாங்குவதா என்ற கேள்வியும் ஈரத்தோடு ஒட்டியதே. 50 சதவீத ஈரமுள்ள 1,000 கிலோ விறகை வாங்கி 20 சதவீதத்துக்குக் காயவைத்தால் கையில் நிற்பது 800 கிலோ. மீதி 200 கிலோவும் விறகு விலை கொடுத்து வாங்கிய தண்ணீர். அடுக்கிய விறகின் நீள அகல உயரத்தை அளந்து வாங்கினால் இந்த நட்டம் பெரும்பாலும் இல்லை. ஆனால் கொட்டிக் கிடக்கும் குவியலை அளக்க ஒப்புக்கொள்ளாதீர்கள். அதில் பாதி காற்று.

சூளையில் உலர்த்தியது என்ற சொல்லையும் ஆராய்ந்தே ஏற்க வேண்டும். ஈரத்தைக் குறைக்கும் நோக்கில் உலர்த்துவது ஒன்று. பூச்சிகளைக் கொல்வதற்காகச் சூடேற்றுவது வேறு. பிந்தையதில் கட்டையின் நடுப்பகுதி குறிப்பிட்ட வெப்பத்தைச் சிறிது நேரம் எட்டினால் போதும், உள்ளே ஈரம் அப்படியே இருக்கலாம். முந்தையதிலோ, அளவுக்கு மீறி உலர்ந்து காகிதம் போல எரியும் கட்டைகளும் வரும். இரண்டுக்கும் மருந்து அதே மீட்டர்தான்.

காய்ந்திருந்தாலும் ஸ்மோக்கருக்கு ஆகாத மரங்களும் உண்டு. பைன், தேவதாரு போன்ற ஊசியிலை மரங்களின் பிசின் கரியும் கசப்பும் தரும். அரளி நச்சுமரம், அதன் சுள்ளிகூட அருகில் வரக் கூடாது. பெயின்ட் அடித்தது, பசையால் ஒட்டிய பிளைவுட், செல் அரிக்காமலிருக்க இரசாயனம் ஏற்றிய மரம் ஆகியவற்றின் புகையை உணவில் படவிடக் கூடாது. சரக்கு ஏற்றும் பேலட் பலகைகள் இலவசமாகக் கிடைக்கும், நன்றாகவும் காய்ந்திருக்கும். ஆனால் 'எம்பி' என்ற முத்திரை இருந்தால் அது மெத்தில் புரோமைடு வாயுவால் பதப்படுத்தப்பட்டது. 'எச்டி' என்றிருந்தால் வெப்பத்தால் மட்டும் பதப்படுத்தப்பட்டது என்றாலும், அதன்மேல் என்னென்ன சிந்தியது என்று யாருக்கும் தெரியாது என்பதால் நான் அதையும் தொடுவதில்லை. உளுத்து, விரலால் அழுத்தினால் அமுங்கும் கட்டையை எவ்வளவு காய்ந்திருந்தாலும் ஒதுக்கிவிடுங்கள். மணம் தர வேண்டிய பொருளைப் பூஞ்சை ஏற்கெனவே தின்றுவிட்டது.

பாதி காய்ந்த விறகைக் காப்பாற்றுவது

மேலே சொன்ன அந்த 'இரண்டு ஆண்டு' விறகை நான் தூக்கி எறியவில்லை. ஒவ்வொரு கட்டையையும் மணிக்கட்டுத் தடிப்புக்கு மீண்டும் பிளந்து, ஒன்றரை அடிக்கு மேல் நீளமானவற்றைக் குறுக்கி, தரையில் படாமல் இரண்டு கம்புகளின் மேல் ஒற்றை வரிசையாக அடுக்கினேன். பக்கங்களைத் திறந்துவிட்டு மேலே மட்டும் தகரம் போட்டேன். தார்ப்பாயால் நாலாபுறமும் மூடினால் ஈரம் உள்ளேயே சுற்றிச் சுற்றிப் பூஞ்சைதான் பிடிக்கும். வெயிலைவிடக் காற்று ஊடுருவுவதே முக்கியம் என்பதால், வரிசை காற்றடிக்கும் திசைக்குக் குறுக்காக இருந்தது.

எவ்வளவு நாள் அடுக்கினாலும் மரம் சுற்றியுள்ள காற்றின் ஈரத்துக்கு ஏற்ற ஓர் அளவில் வந்து நின்றுவிடும். அறை வெப்பத்தில் காற்றின் ஈரப்பதம் 65 சதவீதமாக இருக்கும் இடத்தில் அந்த அளவு சுமார் 12. 80 சதவீதமாக இருந்தால் சுமார் 16. 90 என்றால் 20ஐ ஒட்டியிருக்கும். காய்ந்த விறகும் மழைக்காலம் முழுவதும் திறந்த வெளியில் கிடந்தால் மீண்டும் ஈரம் இழுக்கும், மிகையாக உலர்ந்த சூளை விறகு சில வாரங்களில் பதத்துக்கு வருவதும் இதே வழியில்தான். அடுக்கின் முன்பக்கக் கட்டையில் பிளந்த தேதியைச் சுண்ணக்கட்டியால் எழுதி வைத்து, மாதம் ஒருமுறை நடுவிலிருந்து ஒன்றை உருவிப் பிளந்து பார்த்துவந்தேன். என் விறகு 19 சதவீதத்துக்கு வர ஏழு மாதம் ஆயிற்று.

சமைக்கும் நாளில், அடுத்து போட வேண்டிய கட்டையை எரியறையின் மேல்தகட்டில் வைத்துச் சூடாக்கிக்கொள்வேன். சூடேறிய கட்டை தணலில் வைத்ததும் புகைந்துகொண்டிருக்காமல் உடனே பற்றிக்கொள்ளும். 20 சதவீதத்தைச் சற்றுத் தாண்டிய கட்டைகளும் இப்படிச் சூடேற்றினால் ஓரளவு ஒழுங்காக எரியும். 30 சதவீதத்தில் இருப்பவற்றுக்கு இது உதவாது, அவை அடுக்குக்கே திரும்ப வேண்டியவை. தகட்டில் கிடக்கும் கட்டையின் மேல் ஒரு கண் இருக்கட்டும்; மறந்துவிட்டால் அங்கேயே பற்றிக்கொள்ளும்.